மாற்று மையம் இருக்கிறது; வேலை செய்யுமா?

வங்கிக் கணக்கு, ஆதார், ரேஷன் கார்டு, வளைகுடாவிலிருந்து பிள்ளைகள் அனுப்பும் பணம் என எல்லாமே இன்று எங்கோ இருக்கும் ஒரு கணினி மையத்தை நம்பித்தான் நடக்கின்றன. அந்த மையம் செயலிழந்தால் என்ன ஆகும் என்று கேட்டால், "மாற்று மையம் இருக்கிறது" என்பார்கள். அந்தப் பதில் மட்டும் போதாது என்பதை நம் நாட்டில் நடந்த ஒரு நிகழ்வே காட்டுகிறது.

பங்குச் சந்தை நின்ற நாள்

2021 பிப்ரவரி 24 அன்று முற்பகல் 11.40 மணியளவில் மும்பை தேசிய பங்குச் சந்தையில் (என்.எஸ்.இ.) வர்த்தகம் நின்றது. பிற்பகல் 3.45 மணிக்குத்தான் மீண்டும் தொடங்கியது. முதன்மை மையத்தையும் அருகிலிருந்த மாற்று மையத்தையும் இணைத்த இரு தொலைத்தொடர்பு நிறுவனங்களின் இணைப்புகளும் பாதிக்கப்பட்டிருந்தன. சாலையோரத்தில் பள்ளம் தோண்டியதும் கட்டுமான வேலையும் அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டன.

இணைப்பு அறுந்தாலும் முதன்மை மையம் தன் வேலையைத் தொடர்ந்திருக்க வேண்டும். ஆனால் அங்கிருந்த தரவுச் சேமிப்பகத்தையே சர்வர்களால் அணுக முடியவில்லை. அதனால் இடர் மேலாண்மை முறை முடங்கியது. அது இல்லாமல் வர்த்தகம் நடத்த முடியாது. சேமிப்பகத்தை வழங்கிய நிறுவனம், மாற்று ஏற்பாடு இயங்கும் விதத்தைத் தாங்கள் கேட்டபடி அமைக்கவில்லை என்று என்.எஸ்.இ. விளக்கம் தந்தது. 2023இல் என்.எஸ்.இ.யும் அதன் தீர்வு நிறுவனமும் 72 கோடி ரூபாய்க்கு மேல் செலுத்தி, செபியுடன் இவ்வழக்கை முடித்துக்கொண்டன.

இணைப்பும் இரண்டு, மையமும் இரண்டு. இருந்தும் தேவைப்பட்ட நேரத்தில் அவை கைகொடுக்கவில்லை.

இது எப்படி இயங்குகிறது?

பல சர்வர்கள் ஒரே அணியாகச் சேர்ந்து வேலை செய்வதை கிளஸ்டர் என்பர். ஒன்று விழுந்தால் மற்றொன்று அதன் பொறுப்பை ஏற்கும். ஆனால் பொறுப்பேற்கும் சர்வரின் கையில் தரவும் இருக்க வேண்டும். அதற்காக முதன்மைச் சேமிப்பகத்தில் எழுதப்படும் ஒவ்வொன்றும் மாற்று மையத்திலும் நகலாக எழுதப்படுகிறது.

சிக்கல் வருவது இணைப்பு அறும்போதுதான். இரு மையங்களும் உயிரோடு இருக்கும். ஆனால் ஒவ்வொன்றும் மற்றது இறந்துவிட்டதாக நினைத்துத் தானே முதன்மை என்று எழுதத் தொடங்கலாம். அப்படியானால் கணக்கு இரண்டாகிவிடும். இதைத் தடுக்க மூன்றாவது இடத்தில் ஒரு 'சாட்சி' சர்வர் வைப்பார்கள். யாருடைய பேச்சு செல்லும் என்பதை அந்தச் சாட்சியே முடிவு செய்யும்.

சோதனை எப்படி இருக்க வேண்டும்?

* நகல் எவ்வளவு பின்தங்கியிருக்கிறது என்று பார்க்க வேண்டும்.
* சேமிப்பகத்தை மட்டும் துண்டித்துப் பார்க்க வேண்டும். இரு மையங்களின் இணைப்பை மட்டும் துண்டித்துத் தனியாகப் பார்க்க வேண்டும்.
* மாற்று மையத்தில் சர்வர் எழுந்தால் மட்டும் போதாது. பயனாளர் உள்ளே நுழைந்து வேலையை முடிக்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும்.
* எத்தனை நிமிடம் ஆனது, எவ்வளவு தரவு விடுபட்டது என்பதைக் குறித்து வைக்க வேண்டும்.
* முதன்மை மையத்துக்குத் திரும்புவதையும் சோதிக்க வேண்டும்.
* அமைப்பில் எந்த மாற்றம் செய்தாலும் மறுபடி சோதிக்க வேண்டும்.

மாற்று மையத்துக்குப் போகலாம் என்று யார் முடிவெடுப்பது என்பதும் முன்பே தெரிந்திருக்க வேண்டும். 2021 மார்ச்சில் செபி இதற்குக் கெடு விதித்தது: முக்கிய அமைப்பு தடைபட்டால் 30 நிமிடத்துக்குள் பேரிடர் என அறிவிக்க வேண்டும், அதிலிருந்து 45 நிமிடத்தில் மாற்று மையம் இயங்க வேண்டும், 15 நிமிடத்துக்கு மேற்பட்ட தரவு இழப்பு கூடாது. 2024 மார்ச் 2, மே 18 ஆகிய இரு சனிக்கிழமைகளில் பங்குச் சந்தை உண்மையான வர்த்தகத்தையே நடுவில் மாற்று மையத்துக்கு மாற்றி நடத்திப் பார்த்தது.

நகல் வேறு, பேக்கப் வேறு

முதன்மையில் தவறுதலாக அழித்தால் நகலிலும் அழியும். ஆகவே பழைய தேதியிட்ட பேக்கப் தனியாக, வேறு இடத்தில் இருக்க வேண்டும். 2025 செப்டம்பர் 26 அன்று தென் கொரியாவின் டேஜான் நகர அரசுத் தரவு மையத்தில் தீப்பிடித்தது. அரசு ஊழியர்களின் கோப்புகள் இருந்த ஜி-டிரைவில் 858 டெராபைட் அழிந்தது. அதற்கு வெளியே பேக்கப் இல்லை.

நம் ஊரில்

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் நிக்காஹ் பதிவேடு, சந்தா கணக்கு, மையவாடிப் பதிவு ஆகியவற்றைக் கணினியில் ஏற்றும் ஜமாஅத்துகளுக்கும் இது பொருந்தும். அவை மக்களின் அமானிதம். பாஸ்போர்ட் எடுக்கவும் வாரிசுச் சான்று பெறவும் அந்தப் பதிவைத் தேடி நாளை ஒருவர் வருவார். ஒரே கம்ப்யூட்டரில் வைத்திருந்தால் பென் டிரைவிலும் ஆன்லைனிலும் பிரதி எடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, வேறொரு கம்ப்யூட்டரில், பழைய பதிவு ஒன்றைத் திறந்து பாருங்கள். பாஸ்வேர்டு ஒருவருக்கு மட்டும் தெரிந்திருந்தால், அவர் ஊரில் இல்லாத நாளில் திறக்க முடிகிறதா என்றும் பாருங்கள். வீட்டில் செல்போனில் இருக்கும் விசா, பத்திரப் படங்களுக்கும் இதே வழிதான்.

திறந்து பார்க்காத பிரதியை இருப்பில் உள்ளதாகக் கணக்கில் சேர்க்காதீர்கள்.