ஆர்மோனியம் வந்த வழி: வெகுசன அரங்கும் கலை மதிப்பீடுகளும்

நமது கலை வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் இரு துருவங்களையே கண்டுள்ளனர். ஒன்று சாஸ்திரிய மரபு. மற்றது கிராமியக் கலை. இவ்விரண்டிற்கும் இடைப்பட்டதாய், நகரத்துக் கொட்டகையில் மக்கள் கட்டணம் செலுத்திப் பார்த்த கலை, ‘கலப்பு’, ‘மலினம்’ என்னும் அடைமொழிகளுடன் ஒதுக்கப்பட்டு வந்துள்ளது. அவ்வொதுக்கலை அழகியற் காரணங்களால் மட்டும் விளக்கிவிட முடியுமா என்பதே எமது வினா. இதற்கு விடை காணும் பொருட்டு ஆர்மோனியம் என்னும் ஒரு வாத்தியம் வந்த வழியை நோக்குவோம்.

ஐரோப்பியக் கைத்தொழில் யுகத்தின் குழந்தை ஆர்மோனியம். 1842இல் பாரிஸ் நகரில் டெபேன் என்பவர் அதற்குக் காப்புரிமை பெற்றார். காலால் மிதித்து இயக்கப்பட்ட அவ்வாத்தியம், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிற் கல்கத்தாவில், தரையில் அமர்ந்து ஒரு கையால் துருத்தியை அசைத்து மறு கையால் வாசிக்கத்தக்க வடிவத்தைப் பெற்றது. அதனை மக்களிடம் கொண்டு சென்றது பார்சி அரங்கு. 1850களிற் பம்பாயில் வணிகக் குடும்பங்களின் முதலீட்டோடு வளர்ந்த இவ்வரங்கு, சட்டமிட்ட மேடை, தீட்டிய திரைகள், தந்திரக் காட்சிகள், எளிதிற் பற்றிக்கொள்ளும் மெட்டுகள் ஆகியவற்றை ஒன்றிணைத்தது. அதன் குழுக்கள் புகையிரதத்திலும் கப்பலிலும் ஊர் ஊராய்ச் சென்றன. ஒலிவாங்கி இல்லாத கொட்டகையில் பாடகரின் குரலைத் தாங்கி நிறுத்தவும், ஒருவரே இசையை நடத்திச் செல்லவும், பெட்டியோடு பெட்டியாய் எடுத்துச் செல்லவும் ஆர்மோனியத்தை விட வசதியான வாத்தியம் வேறிருக்கவில்லை.

கொழும்புக்கு வந்த பார்சிக் குழுக்களின் தாக்கத்தாற் சிங்கள நூர்த்தி அரங்கு உருவாயிற்று. 1911இல் மருதானையில் திறக்கப்பட்ட டவர் மண்டபம் அதன் தலைமை நிலையமாக விளங்கியது. தமிழில் இதே தாக்கத்தை உள்வாங்கி, கர்நாடக இராகங்களையும் இந்துஸ்தானி, பார்சி மெட்டுகளையும் புராணக் கதைகளோடு பொருத்தி நாடகம் யாத்தவர் சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922). தமிழகக் குழுக்கள் இலங்கைக்கு அடிக்கடி வந்து சென்றன. யாழ்ப்பாணத்தில் இவ்வகை நாடகம் ‘டிறாமா’, ‘ஸ்பெஷல் நாடகம்’, ‘கொட்டகைக் கூத்து’ எனப் பல பெயர்களால் வழங்கிற்று. கூத்து என்னும் சொல்லை மக்கள் கைவிடவில்லை என்பது இங்கு மனங்கொள்ளத்தக்கது. புதியதைப் பழையதன் தொடர்ச்சியாகவே அவர்கள் கண்டனர்.

ஆயின், அடிப்படையில் ஒரு மாற்றம் நிகழ்ந்திருந்தது. கூத்து, ஊரவர் தமக்காகத் தாமே ஆடிய கலை. அண்ணாவியார் பழக்க, கோயில் வீதியிலோ வட்டக்களரியிலோ விடியும்வரை நடப்பது. அதன் களம் ஊர் அமைப்பினதும் சாதி அமைப்பினதும் வரம்புகளுக்கு உட்பட்டது. கொட்டகையிலோ ஆடுவோன் தொழில்முறைக் கலைஞன், பார்ப்போன் நுகர்வோன், இருவருக்குமிடையில் நின்றது நுழைவுச்சீட்டு. கலை இங்கு பண்டமாகிவிட்டது உண்மையே. ஆனால், பிறப்பால் ஒதுக்கப்பட்ட இடத்திற்குப் பதிலாகப் பணத்தால் வகுக்கப்பட்ட இடம் வந்தபோது, பழைய உறவுகளில் ஓர் உடைப்பும் நேர்ந்தது. கொட்டகை சாதியை ஒழித்தது என நாம் கூறவில்லை. கதிரை, வாங்கு, தரை எனப் புதிய ஏற்றத்தாழ்வு ஒன்றை அது தோற்றுவிக்கவே செய்தது. எனினும் சங்கீத சபைகளின் வாயிலை அணுக இயலாத உழைப்பாளர், காம்போதியையும் கரகரப்பிரியாவையும் பெயரறியாமலே செவியாற் பழகிக்கொண்டது இங்கேதான்.

கலைஞரின் நிலையிலும் இதனைக் காணலாம். கொடுமுடியில் வறிய குடும்பத்திற் பிறந்த கே. பி. சுந்தராம்பாளுக்கு இசையுலகின் கதவைத் திறந்தது இந்த நாடக மேடையே. அவரும் எஸ். ஜி. கிட்டப்பாவும் உச்சத் தொனியிற் பாடியமை தனித்திறன் மட்டுமன்று. ஒலிபெருக்கியற்ற கொட்டகையின் கடைசி வரிசைக்குக் குரல் எட்டவேண்டியிருந்த சூழல் உருவாக்கிய பாணியுமாகும். 1931இற் பேசும்படம் வந்தபோது அக்குரல்களே திரைக்குச் சென்றன. 1934இல் வெளிவந்த ‘பவளக்கொடி’ போன்ற தொடக்காலப் படங்கள் மேடை நாடகங்களின் நீட்சியாக அமைந்து, பாடல்களால் நிறைந்திருந்தமைக்கு இதுவே காரணம். தமிழ்த் திரைப்படப் பாடலின் மூலத்தைத் தேடுவோர் கொட்டகையைக் கடந்து செல்லுதல் இயலாது.

இவ்வரங்கின் மீதான எதிர்ப்பு எங்கிருந்து வந்தது? கொழும்பிற் பிறந்த ஆனந்த குமாரசுவாமி, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஆர்மோனியத்தையும் கிராமபோனையும் கண்டித்தெழுதினார். தாகூரும் ஆர்மோனியத்தை வெறுத்தார். நிலையான சுருதிக் கட்டைகளைக் கொண்ட இவ்வாத்தியத்தில் கமகங்களை இசைக்க முடியாது என்பது நியாயமான குறையே. கைத்தொழிற் பண்டம் கைவினைஞனின் நுண்திறனை அழிக்கும் என்ற குமாரசுவாமியின் அச்சத்திலும் உண்மையுண்டு. ஆயினும் அதற்கு மாற்றாக அவர் நாடிய பழைய கைவினைச் சமூகத்தில், கலையை ஆதரித்தவர் யார், அதற்கு வெளியே நிறுத்தப்பட்டவர் யார் என்ற வினா எழுப்பப்படவில்லை.

பின்னர் இம்மதிப்பீடு அரசின் கொள்கையாயிற்று. 1940இல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தைத் தடைசெய்தது. 1971 வரை அத்தடை தளரவில்லை. 1952இல் அமைச்சரான பி. வி. கேஸ்கரின் காலத்தில் திரைப்படப் பாடல்களும் அவ்வானொலியில் அருகின. விளைவு யாதெனில், மக்கள் இலங்கை வானொலியை நாடினர். அதன் வர்த்தக சேவை இந்தியா முழுவதும் கேட்கப்பட்டது. ஈற்றில் 1957இல் இந்திய அரசு ‘விவித பாரதி’யைத் தொடங்க வேண்டியதாயிற்று. இதில் ஒரு முரணும் உண்டு. திரைப்பாடலால் வருவாய் ஈட்டிய அதே இலங்கை வானொலி, 1952இல் இரத்தன்ஜன்கர் என்னும் இந்துஸ்தானி இசை அறிஞரை வரவழைத்துச் சிங்கள இசைக் கலைஞரைத் தரப்படுத்தியது. அத்தேர்வுக்குத் தோற்ற மறுத்த சுனில் சாந்த வானொலியில் தமது இடத்தை இழந்தார். தூய்மை பற்றிய அளவுகோல் எவரது கையில் இருந்தது என்பதை இது தெளிவாகக் காட்டும்.

தேசிய நாடகம் பற்றிய தேடலிலும் இவ்வொதுக்கல் தொடர்ந்தது. 1956இற் பேராசிரியர் சரச்சந்திர ‘மனமே’யை ஆக்கியபோது நூர்த்தியை விடுத்து நாடகம் என்னும் கிராமிய வடிவத்தையே நாடினார். பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் 1962இல் மேடையேற்றிய ‘கர்ணன் போர்’ முதலாகக் கூத்து மறுமலர்ச்சி தொடங்கிற்று. இம்முயற்சிகளின் வரலாற்றுப் பெருமையை எவரும் மறுக்கவியலாது. எமது தலைமுறையின் நாடக அறிவே அவற்றின் பேறுதான். எனினும் பல்கலைக்கழகம் கூத்தை ‘மக்கள் கலை’ எனக் கண்டெடுத்த அதே ஆண்டுகளில், காங்கேசன்துறையைச் சேர்ந்த வி. வி. வைரமுத்துவின் ‘மயான காண்டம்’ ஊர்தோறும் மக்களைத் திரட்டிக்கொண்டிருந்தது. நாடிழந்து, கடன் தீர்க்க மனைவி மகனை விற்று, சுடலை காக்கும் அரிச்சந்திரனில், கடனையும் அடிமை உழைப்பையும் அறிந்த பார்வையாளர் தம் வாழ்வையே கண்டனர் எனக் கருதுகிறோம். மக்கள் நேரிற் தெரிந்தெடுத்த அக்கலை ஆய்வாளரின் கவனத்தை உரிய காலத்திற் பெறவில்லை.

வெகுசனக் கலையை நாம் கண்மூடிப் போற்ற வேண்டியதில்லை. அரிச்சந்திரனின் துயரம் விதியாகவே முடிகிறது. கடன் கொடுத்தோனை நாடகம் விசாரிப்பதில்லை. நட்சத்திர நடிகர் முறையும் முதலீட்டாளரின் இலாபமும் இக்கலையைப் பல வழிகளிற் குறுக்கின. கொட்டகையை வளர்த்த அதே மூலதனம் திரைப்படத்திற் கூடுதல் இலாபம் கண்டபோது கொட்டகையைக் கைவிட்டது. இம்முரண்பாடுகளோடு சேர்த்தே அதனை ஆராய வேண்டும். ஒதுக்குவதும் போற்றுவதும் ஆராய்ச்சிக்கு ஈடாகா.

வைரமுத்து 1989இற் காலமானார். 1990இல் போரினால் வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்தபோது, அந்நாடகங்களைத் தாங்கிய ஊர்கள் சிதறின. பக்கவாத்தியம் இசைத்தோர், திரை தீட்டியோர், ஒப்பனை செய்தோர், தரையிலிருந்து பார்த்தோர் ஆகியோரின் நினைவே இன்று எஞ்சியுள்ள ஆவணம். அதுவும் ஆண்டுதோறும் குறைந்து வருகிறது. மக்கள் கலை யாதெனத் தீர்மானிக்கும் உரிமை தமக்கே உண்டெனக் கருதும் ஆய்வாளர், அம்மக்கள் எதனைப் பணம் கொடுத்துப் பார்த்தனர், எதனை வயலிலும் வீதியிலும் பாடித் திரிந்தனர் என்பதை முதலிற் கேட்டறிதல் வேண்டும். கேட்பதற்கு ஆட்கள் உள்ளபோதே அப்பணி தொடங்கப்பட வேண்டும்.