மாயூரம் வேதநாயகம் பிள்ளை: நீதிமன்றத்திற்குத் தமிழைக் கொண்டுவந்தவர்

மாயூரம் வேதநாயகம் பிள்ளை (1826–1889) தமிழின் முதல் நாவலாகிய 'பிரதாப முதலியார் சரித்திர'த்தை எழுதியவர். மாணவர்கள் பெரும்பாலும் இந்த ஒரு செய்தியோடு அவரை அறிந்திருப்பர். ஆனால் அவர் வாழ்ந்த காலத்தில் ஊரார் அவரை முதலில் ஒரு முன்சீப்பாகவே, அதாவது உரிமையியல் நீதிபதியாகவே அறிந்திருந்தனர்.

இளமையும் பணியும்

திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில், சவரிமுத்துப் பிள்ளை, ஆரோக்கிய மரியம்மாள் தம்பதியருக்கு 1826 அக்டோபர் 11 அன்று பிறந்தார். குடும்பத்தினர் கத்தோலிக்கக் கிறித்தவர்கள். திருச்சிராப்பள்ளி நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராகப் பணியைத் தொடங்கிய அவர், பின்னர் மொழிபெயர்ப்பாளர் ஆனார். 1857இல் தரங்கம்பாடியில் முன்சீப் பதவி ஏற்றார். பின்பு சீர்காழியிலும் மாயூரத்திலும் அப்பதவியில் இருந்தார். மாயூரத்தில் நெடுங்காலம் பணியாற்றியதால் அவ்வூர்ப் பெயரே அவருடைய பெயருக்கு முன் நிலைத்துவிட்டது.

தமிழில் தீர்ப்புகள்

அக்காலத்தில் சென்னையில் இருந்த சதர் நீதிமன்றத்தின் தீர்ப்புகள் கீழ் நீதிமன்றங்களுக்கு வழிகாட்டியாக இருந்தன. அவை ஆங்கிலத்தில் இருந்தன. நிலத்துக்காகவும் சொத்துக்காகவும் வழக்காடிய குடியானவருக்கு, தம் வழக்கு எந்த விதியால் வென்றது அல்லது தோற்றது என்பது புரியவில்லை. புரியாத இடத்தில் இடைத்தரகர்க்கும் கைக்கூலிக்கும் வழி பிறக்கும். 1805 முதல் 1861 வரையிலான தீர்ப்புகளைத் தொகுத்துத் தமிழாக்கி, 1862இல் 'சித்தாந்த சங்கிரகம்' என்ற பெயரில் வேதநாயகம் பிள்ளை வெளியிட்டார். சென்னை உயர் நீதிமன்றம் தோன்றியதும் அதே ஆண்டில்தான். தமிழ்நாட்டு நீதிமன்றத்தில் தமிழரான வழக்கறிஞர் ஆங்கிலத்தில் வாதாடும் வழக்கத்தைப் பின்னாளில் தம் நாவலிலும் அவர் எள்ளி நகையாடினார்.

குடும்பமும் அறமும்

நீதிமன்றத்தில் கண்ட மனிதர்களின் குறைகள் 'நீதிநூ'லில் அறிவுரைகளாக வெளிப்பட்டன. பெற்றோர், கணவன் மனைவி, பிள்ளைகள் ஆகியோரின் கடமைகளைக் கூறும் அந்நூல், கைக்கூலி வாங்கும் அதிகாரிகளையும் கண்டிக்கிறது. அதிகாரியாக இருந்த ஒருவரே இவ்வாறு எழுதியது கருதத்தக்கது. பெண்கள் கல்வி கற்க வேண்டும் என்பதை 1869இல் வெளிவந்த 'பெண்மதி மாலை'யில் வலியுறுத்தினார். நாவலின் நாயகி ஞானாம்பாள் ஆண் வேடத்தில் அரசாளுகிறாள். நல்லாட்சியையும் நீதியையும் பற்றிய அவருடைய கருத்துகள் பல அப்பகுதியில் இடம்பெறுகின்றன.

சமயப் பற்றும் சமரசமும்

'திருவருள் மாலை', 'தேவமாதா அந்தாதி' முதலியன அவருடைய கிறித்தவ பக்தியைக் காட்டும். அந்தப் பற்று பிற சமயத்தாரிடமிருந்து அவரை விலக்கவில்லை. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அவருடைய நெருங்கிய நண்பர். அவர்மீது 'குளத்துக்கோவை' பாடினார். திருவாவடுதுறை ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகரும் அவரிடம் அன்பு பாராட்டினார். எல்லாச் சமயத்தாரும் பாடத்தக்க 'சர்வ சமய சமரசக் கீர்த்தனை'கள் 1878இல் வெளிவந்தன.

பஞ்ச காலம்

1876–78ஆம் ஆண்டுகளில் தென்னிந்தியாவைக் கடும் பஞ்சம் வாட்டியது. அப்போது வேதநாயகம் பிள்ளை அரசுப் பணியில் இல்லை. எனினும் கைப்பொருளைச் செலவிட்டு, பசித்தவர்க்குக் கஞ்சி வார்த்தார். இதைக் கண்டு நெகிழ்ந்த 'நந்தனார் சரித்திரக் கீர்த்தனை' ஆசிரியர் கோபாலகிருஷ்ண பாரதியார் அவரைப் போற்றிப் பாடினார். சிவபக்தியில் தோய்ந்த ஒருவர் கிறித்தவ நண்பரைப் பாடிய அப்பாடல், அன்றைய மாயூரத்தின் நல்லுறவுக்குச் சான்றாகும்.

நினைவு

1889 ஜூலை 21 அன்று அவர் காலமானார். 1879இல் வெளியான அவருடைய நாவல் இன்றும் அச்சில் உள்ளது. தீர்ப்புத் தொகுதியை இன்று படிப்பவர் அரிது. எனினும் தம்மைக் கட்டுப்படுத்தும் சட்டம் தமக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும் என்ற கோரிக்கை இன்னும் முழுமையாக நிறைவேறவில்லை. அதற்கான முதல் முயற்சிகளுள் ஒன்றை மாயூரத்து முன்சீப் ஒருவர் செய்தார் என்பதை நினைவிற் கொள்ள வேண்டும்.