ஒரிஜினல் நிறம் எது?

2022 ஜூன் 27 இரவு வந்த அறிவித்தல் ஞாபகம் இருக்கிறதா? ஜூலை 10 வரை அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும்தான் பெற்றோலும் டீசலும். அடுத்த நாள் விடிந்ததும் எங்கட பள்ளிவாசல்துறையில் கோழிக்கூட்டுக்குப் பின்னாலும் விறகுக் கொட்டிலிலும் சாய்ந்து கிடந்த பழைய சைக்கிள்கள் வெளியே வரத் தொடங்கின. புதுச் சைக்கிளின் விலையைக் கேட்கவே பயம். கிடந்ததைத் தேய்த்து, பெயின்ட் அடித்து உழக்க வேண்டியதுதான்.

நாங்களும் ஒன்றை எடுத்தோம். எங்களில் ஒருவரின் மாமி வீட்டில் பல வருடமாகக் கிடந்த பார் சைக்கிள். பிரேமில் ஒரு எழுத்தும் மிஞ்சவில்லை. ஆனால் முன் செயின் வீலில் மூன்று கொக்குகள் வெட்டப்பட்டிருந்தன. சைக்கிள் கடைக்காரர் பார்த்த உடனே, "இது ஒரிஜினல் றலி. தேச்சு எடுங்க, உள்ளுக்குக் கறுப்பு ஈக்கும்" என்றார். கொக்கு அந்தக் கம்பனியின் சின்னம். ஒரிஜினல் என்ற அந்தச் சொல்தான் எங்களைப் பிடித்துக்கொண்டது. பழைய கறுப்பையே திரும்பக் கொண்டுவருவது என்று முடிவெடுத்தோம்.

சாண்ட் பேப்பர் பிடித்ததும் வெங்காயத் தோல் மாதிரி ஒன்றின் கீழ் ஒன்றாக நிறங்கள் வந்தன. மேலே பச்சை, அதன் கீழே நீலம், அடியில் கறுப்பு.

கறுப்பின் கதை இங்கிலாந்தில் தொடங்குகிறது. 1880களில் நொட்டிங்ஹாம் நகரத்தின் றலி வீதியில் இருந்த ஒரு சிறிய பட்டறைதான் பிறகு உலகத்தின் பெரிய சைக்கிள் கம்பனிகளில் ஒன்றானது. பிரித்தானியர் ஆண்ட நாடுகளுக்கெல்லாம் அதன் சைக்கிள்கள் கப்பலேறின, இலங்கைக்கும் வந்தன. அந்தக் காலத்துத் தொழிற்சாலைப் பெயின்ட் நாம் தூரிகையால் அடிப்பது போன்றதல்ல. உருக்குக் குழாய்க்கு முதலில் பொஸ்பேற் பூச்சுக் கொடுத்து, மேலே எனாமல் ஏற்றி, சூளையில் வைத்துச் சுட்டார்கள். நாங்கள் தேய்த்ததில் கடைசிவரை விட்டுக்கொடுக்காதது இந்தக் கறுப்புத்தான்.

நீலம் உள்ளூர்க் கதை. 1970 முதல் 1977 வரை அந்நியச் செலாவணி இல்லாமல் நாட்டில் கடுமையான இறக்குமதிக் கட்டுப்பாடு இருந்தது. புதுச் சைக்கிளை விடுங்கள், உதிரிப்பாகம் கிடைப்பதே பெரும்பாடு. இருக்கிற சைக்கிளைக் காப்பாற்றத்தான் வேண்டும். அப்போது இது ஒரு மீன் வியாபாரியிடம் இருந்ததாம். வள்ளத்துக்கு அடித்து மிஞ்சிய நீலத்தை இதற்கும் அடித்திருக்கிறார். அவர் மீன் விற்றார் என்று யாரும் சொல்லாவிட்டாலும் பிரேமே சொல்லியிருக்கும். முன் குழாய்களில் கறள் குறைவு, பின் சக்கரத்தைப் பிடிக்கும் மெல்லிய குழாய்களில்தான் குழி குழியாக அரித்திருந்தது. கரியரில் கட்டிய மீன்பெட்டியிலிருந்து ஐஸ் உருகி வழிவது உப்புத் தண்ணீர். இரும்பு கறள் பிடிக்கக் காற்றும் ஈரமும் போதும். உப்பும் சேர்ந்தால் வேகம் பல மடங்கு.

பச்சைக்கு வருவோம். 1990 ஒக்டோபர் கடைசியில் வடக்கின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றினார்கள். ஏறக்குறைய 75,000 பேர். யாழ்ப்பாணத்தில் கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். மன்னார்த் தீவிலிருந்து கனபேர் கடல் வழியாகக் கற்பிட்டிக் கரையில் வந்து இறங்கினார்கள். இங்குள்ளவர்கள் பள்ளிவாசல்களையும் பாடசாலைகளையும் திறந்துவிட்டார்கள். தென்னந்தோட்டங்களில் ஓலைக் கொட்டில்கள் எழும்பின. வந்தவர்களில் பலர் வெங்காயத் தோட்டங்களுக்குக் கூலிக்குப் போனார்கள். அவர்கள் விட்டுவந்த யாழ்ப்பாணத்திலோ அப்போது பொருளாதாரத் தடை. எரிபொருள் இல்லாமல் சைக்கிள்தான் அங்கே எல்லாம். பற்றரி கிடைக்காததால் சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்டார்கள்.

எங்கட மாமியின் குடும்பம் எருக்கலம்பிட்டியிலிருந்து வந்தது. அவரின் வாப்பா தோட்ட வேலைக்குப் போய்வர, அந்த மீன் வியாபாரியிடம் இந்தச் சைக்கிளை வாங்கியிருக்கிறார்.

இதெல்லாம் எங்களுக்கு எப்போது தெரியும்? தேய்த்து முடித்து, ரெட் ஒக்சைட் அடித்து, மேலே கறுப்பும் பூசி, பளபளவென்று கொண்டுபோய் மாமியின் வாசலில் நிறுத்திய பிறகு. மாமி ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"நல்லா ஈக்கிது. பச்சை எங்க?"

விட்டுட்டு வந்த சைக்கிளும் பச்சைதானாம். வாப்பா இங்கே இதை வாங்கியதும் முதல் வேலையாகப் பச்சை அடித்தாராம். அந்த வீட்டில் மன்னாரிலிருந்து கொண்டுவந்த பொருள் என்று பெரிதாக எதுவும் இல்லை. ஊரை ஞாபகப்படுத்த இருந்ததில் ஒன்று இந்தப் பச்சை. அதைத்தான் இரண்டு நாளில் உரித்து மணலில் கொட்டியிருந்தோம்.

பழைய சைக்கிள் சேகரிப்பவர்களுக்கு ஒரிஜினல் என்றால் தொழிற்சாலையில் அடித்த நிறம். நாங்களும் யோசிக்காமல் அதையே எடுத்துக்கொண்டோம். நொட்டிங்ஹாமில் அடித்த கறுப்பு ஒரிஜினல் என்றால், தட்டுப்பாட்டுக் காலத்தில் ஒரு மீன் வியாபாரி அடித்த நீலமும், எல்லாவற்றையும் இழந்து வந்த ஒருவர் அடித்த பச்சையும் என்ன, அழுக்கா? இந்த பிரேமில் கறுப்பை விட்டால் மற்ற ஒவ்வொரு நிறமும் ஒரு தட்டுப்பாட்டின் அடையாளம். 2022இல் நாங்கள் அடித்ததும் அப்படித்தான்.

பெயின்ட் அடிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. எங்கட உப்புக் காற்றில் விட்டால் பிரேமே மிஞ்சாது. ஆனால் தேய்க்க முன் வீட்டு ஆட்களிடம் இது யாருடையது, எங்கே வாங்கியது, யார் அடித்த நிறம் என்று கேளுங்கள். நாலு பக்கமும் போட்டோ எடுங்கள். பிரேமில் குத்தியிருக்கும் இலக்கத்தை எழுதி வையுங்கள். மறைவான இடத்தில் ஒரு சிறு துண்டைத் தேய்க்காமல் விடுங்கள். இன்னொன்று, பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். தண்ணீர் தொட்டுத் தேயுங்கள், சின்னப் பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள். நாங்கள் இது ஒன்றையும் செய்யவில்லை.

கரியர் கிளிப்புக்குக் கீழே மட்டும் சாண்ட் பேப்பர் போகவில்லை. விரல் நகமளவு பச்சை அங்கே தப்பியிருக்கிறது. மாமியிடம் காட்டினோம். குனிந்து பார்த்து, சீலைத் தலைப்பால் அந்த இடத்தைத் துடைத்தார்.

"இனி ஈக்கட்டும். இந்தக் காத்துக்கு நாலைஞ்சு வருஷத்தில திரும்ப அடிக்கத்தானே வேணும். அப்ப இதைக் கடையில காட்டி, இதே பச்சையக் கேளுங்க."