இரண்டு கினி

கதையில் செத்துக் கிடப்பவனை எழுப்பி உட்கார வைக்க எனக்கு ஒரு வரி போதும். மசிச் செலவுக்கு மேல் ஆகாது. லண்டனில் வில்லியம் ஹாஸ் என்று ஒரு மனிதர் இருந்தார். அவருக்கு இதே காரியத்தில் கையைக் கடித்தது.

ஹாஸ் மருந்து கலந்து கொடுத்து, வைத்தியமும் பார்த்தவர். தேம்ஸ் நதியில் மூழ்கினவனை வெளியே எடுத்து, மூச்சில்லை என்றால் பிரேதம் என்று தீர்மானித்துவிடுவது அக்கால வழக்கம். அவசரப்பட்டு அப்படித் தீர்மானிக்கிறார்கள் என்பது ஹாஸின் சந்தேகம். 1773-ஆம் வருஷம் அவர் ஓர் அறிவிப்புச் செய்தார்: நீரிலிருந்து எடுத்தவரைத் தாமதமின்றித் தம்மிடம் கொண்டு வந்தால் சன்மானம் உண்டு. ஆள் பிழைக்காவிட்டாலும் உண்டு! கேட்டவர்கள் சிரித்தார்கள். நானும் அங்கே இருந்திருந்தால் சிரித்திருப்பேன்.

ஒரு வருஷம் சொந்தப் பணத்தையே வாரிக் கொடுத்தார். இப்படியே போனால் மனுஷர் ஓட்டாண்டியாகிவிடுவார் என்று டாக்டர் தாமஸ் கோகன் கவலைப்பட்டார். ஆம்ஸ்டர்டாமில் 1767-லேயே இந்த வேலைக்கென ஒரு சங்கம் தோன்றியிருந்தது. அதன் அறிக்கைகளை ஆங்கிலத்தில் பெயர்த்தவர் இந்தக் கோகன்தான். 1774-ல் இருவரும் ஆளுக்குப் பதினைந்து நண்பர்களை ஒரு காப்பிக் கடைக்கு அழைத்து வந்தார்கள். மொத்தம் 32 பேர். சங்கம் பிறந்துவிட்டது. பிற்பாடு அதற்கு 'ராயல் ஹியுமேன் சொசைட்டி' என்று பெயர் நிலைத்தது.

உயிர்ப்பிக்க முயன்றவர்களுக்கு 2 கினி. ஆள் பிழைத்தால் 4. கொண்டு வந்து கிடத்த இடம் கொடுத்த விடுதிக்காரருக்கு 1 கினி. பிழைத்தால்தான் காசு என்று வைத்திருந்தால் தோற்ற கேஸ்கள் ஏட்டில் ஏறியே இராது. அந்தச் சந்தாப் பணத்தில் வாங்கிய மிகப் பெரிய சரக்கு அந்தத் தோல்விக் கணக்குதான் என்பேன்.

செய்த சிகிச்சைகளைக் கேளுங்கள். உடம்பைச் சூடாக்கினார்கள், துருத்தியால் காற்றை ஊதினார்கள், புகையிலைப் புகையை, வாசகிகள் மன்னிக்க வேண்டும், பின்வழியாகச் செலுத்தினார்கள்! புகையிலை இருதயத்தையே நிறுத்திவிடும் விஷம் என்று பெஞ்சமின் பிராடி 1811-ல் மிருகங்களிடம் சோதித்துக் காட்டினார். அதற்குப் பிறகுதான் அந்தக் கூத்து மங்கியது.

சேர்ந்த கணக்கும் வீண் போகவில்லை. சார்லஸ் கைட் என்ற இளம் வைத்தியர் மூழ்கினவர்களின் விவரங்களை ஒப்பிட்டு ஒரு கட்டுரை எழுதினார். தாமதம்தான் பெரிய சத்துரு என்று அதில் காட்டினார். மின்சாரத்தைக் கொண்டு உயிர்ப்பிப்பதைப் பற்றியும் எழுதினார். சங்கம் அதற்கு வெள்ளிப் பதக்கம் அளித்தது. கட்டுரை 1788-ல் அச்சாயிற்று. துடிதடுமாறிய மனித இருதயத்தை மின் அதிர்ச்சியால் கிளாட் பெக் சீராக்கியது 1947-ல்!

இடையில் ஒரு வேடிக்கை. லண்டன் ஏழைகளில் சிலர், ஒருவன் மூழ்குவது, மற்றவன் காப்பாற்றுவது, கினியைப் பாதிப் பாதி பிரித்துக்கொள்வது என்று தொழிலே தொடங்கிவிட்டார்கள். சங்கத்தார் பணத்துக்குப் பதிலாகப் பதக்கம் கொடுக்கலானார்கள். பதக்கத்தை இரண்டாக உடைக்க முடியாதல்லவா?