பூட்டிய கதவும் மக்கட் பிரதிநிதியும்

1729 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தின் கடைசி நாட்களில், ஆங்கிலப் பாராளுமன்ற அங்கத்தவர் சிலர் இலண்டன் மாநகரின் பிளீற் சிறைச்சாலைக்குட் சென்றனர். கடன்பட்டோரை அடைத்துவைக்கும் சிறை அது. குழுவின் தலைவர் ஜேம்ஸ் ஒகிள்தோர்ப். அவருடைய நண்பரான றொபேட் காஸ்ரெல் என்னும் கட்டடக் கலைஞர், சிறையதிபர் பாம்பிறிச் கேட்ட கட்டணத்தைக் கொடுக்க வகையின்றி, பெரியம்மை பரவியிருந்த ஒரு விடுதியில் தங்குமாறு கட்டாயப்படுத்தப்பட்டு, அந்நோயினாலேயே உயிர்விட்டிருந்தார். அத்துயரமே ஒகிள்தோர்ப்பைச் சிறை வாயிலுக்கு இட்டுச் சென்றது.

உள்ளே அவர்கள் கண்டது என்ன? சேர் வில்லியம் றிச் என்னும் பட்டம் பெற்ற கனவான் ஒருவரே விலங்கிடப்பட்டுக் கிடந்தார். பட்டமும் குலமும் உடையவர் நிலை இதுவானால் ஏனையோர் நிலையைச் சொல்லவும் வேண்டுமோ! அச்சிறையை நடத்தியவர் சம்பளம் பெறும் அரசாங்க ஊழியரல்லர். 5,000 பவுணுக்கு விலைபேசி வாங்கப்பட்ட உத்தியோகம் அது. போட்ட முதலைக் கைதிகளிடமிருந்தே மீட்க வேண்டும். ஆகவே கட்டிலுக்கு ஒரு கட்டணம், விலங்கைத் தளர்த்த இன்னொரு கட்டணம். பாம்பிறிச் மீது தொடுக்கப்பட்ட கொலை வழக்கில் அவர் விடுதலையானார். ஆயினும் பாராளுமன்றம் தனிச் சட்டம் ஒன்றினால் அவரைப் பதவியிலிருந்து அகற்றியது. ஓவியர் ஹோகார்த் அக்குழுவின் விசாரணையைச் சித்திரமாகவும் தீட்டி வைத்தார்.

இதே ஒகிள்தோர்ப்தான் 1733 இல் அமெரிக்கக் கரையில் ஜோர்ஜியாக் குடியேற்றத்தை நிறுவியவர். மதத் துன்புறுத்தலுக்கு அஞ்சிச் சால்ஸ்பேர்க்கை விட்டோடிய புரட்டஸ்தாந்த அகதிகள் அடுத்த ஆண்டே அங்கு வந்து சேர்ந்தனர். அகதிகளுக்கு இடங்கொடுத்த அந்த நாட்டிலே, ஏறக்குறைய மூன்று நூற்றாண்டுகளின் பின்னர், புகலிடம் தேடி வந்த பிள்ளைகள் அடைக்கப்பட்ட கட்டடங்களின் வாயிலில் மக்கட் பிரதிநிதிகள் நின்று கதவைத் தட்ட நேர்ந்தது.

ஐக்கிய அமெரிக்காவில் தனியே வந்த குடிவரவுப் பிள்ளைகளின் காவலைப்பற்றி 1985 இல் கலிபோர்னியாவில் தொடங்கிய புளோரஸ் வழக்கு, 1997 இல் ஓர் உடன்படிக்கையில் முடிந்தது. பிள்ளைகளைச் சுகாதாரமான, பாதுகாப்பான இடத்தில் வைத்தல் வேண்டும்; வீண் தாமதமின்றி உறவினரிடம் ஒப்படைத்தல் வேண்டும்; அவர்களது சட்டத்தரணிகள் சென்று பார்வையிடலாம் என்பன அதன் சாரம். 2002 இல் இயற்றப்பட்ட சட்டமொன்று இப்பொறுப்பை இரண்டாகப் பிரித்தது. எல்லையிற் பிடிபடும் பிள்ளை முதலில் உள்நாட்டுப் பாதுகாப்புத் திணைக்களத்தின் கையில் இருக்கும். தனித்து வந்த பிள்ளையாயின், பின்னர் சுகாதார, மனித சேவைத் திணைக்களத்திடம் ஒப்படைக்கப்படும். இப்பிரிவினையை நேயர்கள் மனத்திற் கொள்ளவேண்டும். பின்னே வரும் சட்டங்களை விளங்கிக்கொள்ள அது உதவும்.

2018 ஆம் ஆண்டின் வசந்த காலத்தில், எல்லையைச் சட்டவிரோதமாகக் கடந்த பெற்றோர் அனைவர்மீதும் வழக்குத் தொடுப்பது என்ற கொள்கை நடைமுறைக்கு வந்தது. பெற்றோர் சிறைக்குச் செல்ல, பிள்ளைகள் வேறிடத்துக்கு அனுப்பப்பட்டனர். இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் இவ்வாறு பிரிக்கப்பட்டனர். அவ்வாண்டு யூன் 3 ஆந் திகதி, ஒறிகன் மாநிலத்துச் செனற்றர் ஜெவ் மேர்க்கிலி, ரெக்ஸாஸ் மாநிலத்துப் பிறவுண்ஸ்வில் நகரிலுள்ள ஒரு நிலையத்துக்குச் சென்று உள்ளே விடுமாறு கேட்டார். அது முன்பு வால்மார்ட் என்னும் பெரும் பல்பொருட் கடையாக இருந்த கட்டடம். கதவு திறக்கவில்லை; பொலிசார் வந்தனர். இரு வாரங்களின் பின், வேறு அங்கத்தவர்களுடன் மீண்டும் வந்தபொழுதே அவரால் உள்ளே செல்ல முடிந்தது. ஏறக்குறைய 1,500 ஆண்பிள்ளைகள் அங்கு இருந்தனர்.

அடுத்த ஆண்டு ஏப்பிரிலில் புளோரிடாவின் ஹோம்ஸ்ரெட் நிலைய வாயிலில் மூன்று பெண் அங்கத்தவர்கள் திருப்பி அனுப்பப்பட்டனர். அவர்களுள் ஒருவரான டொனா ஷலேலா, 1993 முதல் 2001 வரை அந்நிலையத்துக்குப் பொறுப்பான அதே திணைக்களத்துக்கு அமைச்சராக இருந்தவர். தாம் ஆண்ட வீட்டின் வாசலிலேயே அந்நியராக நின்றார்!

கதவைத் திறப்பிக்கக் காங்கிரஸ் கண்ட வழி பழையது: பணப்பெட்டியின் திறப்பு. பிள்ளைகள் வைக்கப்பட்ட நிலையங்களை மேற்பார்வையிட வரும் அங்கத்தவரைத் தடுப்பதற்கு இப்பணத்தில் ஒரு சதமும் செலவிடலாகாது என 2019 யூலையில் ஒரு நிதிச் சட்டம் விதித்தது. ஆனால் இரண்டு வேலை நாட்களுக்கு முன்னரே அறிவித்தல் வேண்டும். அவ்வாண்டு டிசெம்பரில் இயற்றப்பட்ட நிதிச் சட்டமோ, பாதுகாப்புத் திணைக்களத்தின் தடுப்பு நிலையங்களுக்கு முன்னறிவித்தலே தேவையில்லை என்றது.

இரண்டு நாள் அவகாசம் வேண்டுமென்ற வாதத்தை நான் எள்ளி நகையாட மாட்டேன். பிள்ளைகள் காட்சிப்பொருள்கள் அல்லர். புகைப்படக்காரர் புடைசூழ எவரும் வகுப்பறைக்குள் நுழைவதைத் தலைமையாசிரியனாகிய நானும் விரும்பேன். எனினும் ஒன்று சொல்வேன். வித்தியாதரிசி வரும் நாள் முன்கூட்டியே தெரிந்துவிட்டால், சுவருக்கு வெள்ளை அடிபடும், இடாப்பு ஒழுங்காகும், மந்தமான மாணவன் அன்று வரவே மாட்டான். அவர் காண்பது பாடசாலையை அன்று, அதன் திருநாட்கோலத்தையே. தனித்து நிற்கும் பிள்ளைக்கு வாக்குமில்லை, முறையிட மொழியுமில்லை. அவனுக்கென்று உள்ளே செல்லும் கண்கள் அறிவியாது சென்றாலன்றி உண்மையைக் காணா என்பதே என் கருத்து.

2019 யூனில் ரெக்ஸாஸின் கிளின்ற் என்னும் ஊரில் நிகழ்ந்ததைப் பாருங்கள். புளோரஸ் உடன்படிக்கையின்படி சென்ற சட்டத்தரணிகள், சுமார் 250 பிள்ளைகள் நெருக்கடியில் இருப்பதையும், சிறு பிள்ளைகளே பாலகரைப் பராமரிப்பதையும் உலகறியச் செய்தனர். அதன் பின்னர் யூலை முதலாந் திகதி அங்கத்தவர்கள் அப்பகுதி நிலையங்களுக்குச் சென்றபொழுது கைத்தொலைபேசிகளை வெளியே வைத்துவிடப் பணிக்கப்பட்டனர். ஜோக்கின் காஸ்ட்ரோ என்பவர் அதையும் மீறி உள்ளே எடுத்த படங்களை வெளியிட்டார். அது முறையா என்று வாதாடுவோர் வாதாடட்டும். சட்டத்தரணிகள் சொல்லும்வரை சபை அறியாதிருந்தது ஏன் என்பதே எனக்குப் பெரிய வினாவாகத் தோன்றுகிறது.

குடும்பங்களையும் பிள்ளைகளையும் அடைக்கும் ரெக்ஸாஸின் டில்லி நிலையம் 2025 இல் மீண்டும் திறக்கப்பட்டது. தனியார் கம்பனியொன்றே அதை நடத்துகிறது. பாம்பிறிச்சின் நினைவு வாராமற் போகாது. அவ்வாண்டு யூனில் ஏழு நாள் முன்னறிவித்தல் வேண்டுமென்று திணைக்களம் விதித்தது. அங்கத்தவர்கள் வழக்குத் தொடுத்தனர். டிசெம்பரில் வாஷிங்டன் மாவட்ட நீதிமன்றம் அவ்விதியை நிறுத்திவைத்தது. 2026 யனவரியில் அதே ஏழு நாள் விதி திரும்பவும் பிறப்பிக்கப்பட்டது. இம்முறை திணைக்களம் சொன்ன நியாயம் புதியது: அங்கத்தவரைத் தடுக்கலாகாது என்ற நிபந்தனை ஆண்டுதோறும் ஒதுக்கப்படும் பணத்துக்கே உரியது, இவ்விதியை நடைமுறைப்படுத்தும் செலவோ 2025 இல் இயற்றப்பட்ட வேறொரு சட்டத்தின் பணத்திலிருந்து வருகிறது என்பது அது. திறப்பு சபையின் கையிலேயே இருந்தது. பூட்டு வேறொரு பெட்டிக்கு மாற்றப்பட்டிருந்தது.