தந்தி மெலிந்த வரலாறு

நம் ஊரின் பெயருக்குள்ளேயே ஒரு வரலாறு உறைகிறது. 1717 முதல் 1720 வரை சென்னையின் ஆளுநராக இருந்த ஜோசப் காலெட், நெசவாளரைக் குடியமர்த்தி ஏற்படுத்திய ஊர் இது. காலெட் பேட்டை மக்கள் நாவில் காலடிப்பேட்டை ஆயிற்று. அயற்பெயரைத் தமிழ் தன் ஓசைக்கேற்பத் திருத்திக்கொண்டது. சொல்லுக்கு நேர்ந்த இந்த மாற்றம் இசைக்கருவிக்கும் நேர்ந்ததுண்டு. மின் கிதார் நம் இசைக்குள் வந்த கதை அத்தகையது.

அக்கதையின் முன்னுரை நமக்கு அருகிலுள்ள மணலியில் எழுதப்பட்டது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் மணலி முதலியார் குடும்பத்தின் ஆதரவில் வாழ்ந்த ராமசுவாமி தீட்சிதரின் மக்கள், கோட்டையில் ஆங்கிலேயரின் பாண்டு வாத்தியம் கேட்டனர். முத்துசுவாமி தீட்சிதர் அம்மெட்டுகளுக்குச் சாகித்தியம் புனைந்தார். இளவல் பாலுசுவாமி வயலின் பயின்று அதனைக் கர்நாடக இசைக்கு உரியதாக்கினார். வயலின் நிலைபெற்றதற்குக் காரணம் உண்டு. வில் ஓடும்வரை ஒலி ஓடும். விரலைத் தடுக்க மெட்டுகள் இல்லை. ஆகவே அது குரலோடு இழைந்தது.

கிதாருக்கு இவ்விரு நலன்களும் இல்லை. மீட்டிய கணமே ஒலி மங்கத் தொடங்கும், மெட்டுகளோ அசையாதவை. வீணையிலும் மெட்டுகள் உண்டே எனலாம். அங்கே தந்தியைப் பக்கவாட்டில் இழுத்துக் கமகம் பிறக்கிறது. கிதாரிலும் இழுக்கலாம். ஆனால் மரக்கூடு உரக்க ஒலிக்க வேண்டுமாயின் தந்தி தடித்திருக்க வேண்டும். தடித்த தந்தியோ விரலுக்கு எளிதில் இணங்காது.

இத்தடையை நீக்கியது மின்சாரம். அமெரிக்காவில் ஜார்ஜ் பீச்சமும் அடால்ஃப் ரிக்கன்பேக்கரும் 1930களின் தொடக்கத்தில் மின் கிதாரைச் சந்தைக்குக் கொணர்ந்தனர். காந்தத்தைச் சுற்றிய கம்பிச் சுருளே அதன் பிக்கப். மேலே எஃகுத் தந்தி அதிரும்போது சுருளில் சிறு மின்னோட்டம் பிறக்கும்; ஆம்ப்ளிஃபயர் அதைப் பெருக்கும். உரத்து ஒலிக்கும் பொறுப்பு மரத்தைவிட்டு நீங்கவே, தந்தி மெலியலாயிற்று. வாத்தியக் குழுவின் இரைச்சலில் கிதார் கேட்கவேண்டும் என்பதற்காகவே அதைச் செய்தனர். மெலிந்த தந்தி கமகத்துக்கு வழிவிடும் என்று அவர்கள் எண்ணியிருக்க மாட்டார்கள்.

அவ்வழியை நம்மவர் கண்டனர். உ. ஸ்ரீநிவாஸ் (1969–2014) மாண்டலினின் இரட்டைத் தந்திகளை விடுத்து, ஐந்து ஒற்றைத் தந்திகள் கொண்ட மின் மாண்டலினைத் தேர்ந்தார். 1981 டிசம்பர் விழாவில் சென்னை அவரை வியந்து கேட்டது. 1980களில் சுகுமார் பிரசாத் மின் கிதாரில் கச்சேரி செய்தார். பின்னர் ராணிப்பேட்டையில் பிறந்த ஆர். பிரசன்னா அப்பாதையை விரிவாக்கினார்.

எதிர்ப்பும் இல்லாமலில்லை. வீணையில் காண்டாக்ட் மைக் பொருத்தப்பட்டபோதே, தந்தியின் இயல்பொலி கெடும் என்றனர் மரபினர். அக்கவலையை எள்ளி நகையாடுதல் தகாது. மின்கருவி தருவது கருவியின் ஒலி மட்டுமன்று. இடையில் நிற்கும் ஒவ்வொரு பெட்டியின் ஒலியும் அதில் கலந்தே வரும். ஆம்ப்ளிஃபயரைச் சற்றே மிகையாக உந்தினால் ஒலி கரகரத்து நீளும், கார்வை நிற்கும். அளவு மீறினால் கமகத்தின் நுண்மை அக்கரகரப்பில் மறையும். எதிரொலிப் பெடல் விளம்ப காலத்துக்கு அழகு. விரைந்த பிருகாவிலோ முந்தைய சுவரம் அடுத்ததன்மேல் விழுந்து குழம்பும். ஆகவே கலைஞன் முதலில் கேட்கவேண்டியது கருவியின் விலையை அன்று. தன் பாட்டு எவ்வளவு நேரம் நிற்க விரும்புகிறது என்பதை.

வேறொரு பாட்டு வேறு விடை கூறும். 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு மேடையேறியபோது, வடசென்னையின் கானாவும் பறையும் மின் கிதாருடன் சேர்ந்து ஒலித்தன. நெடுங்காலம் சபாக்களின் வாயிலுக்கு வெளியே நின்ற குரலுக்கு அங்கே தேவைப்பட்டது கமகத்தின் குழைவன்று, ஓங்கி ஒலிக்கும் வலிமை. கருவி ஒன்றே, கேட்ட கேள்வி வேறு.

கவிஞர்களாகிய நமக்கும் இதில் செய்தி உண்டு. யாப்போ புதுக்கவிதையோ, வடிவம் எங்கிருந்து வந்தது என்பதிலேயே நாம் வழக்காடி நிற்கிறோம். காலெட்டின் பெயரைக் காலடி ஆக்கிய இவ்வூர் மக்கள் அவ்வாறு வழக்காடவில்லை. தம் நாவுக்கு இணங்கும்வரை அதைச் சொல்லிப் பழகினர், ஊர் அவர்களுடையதாயிற்று.