கந்தோருக்கு என்ன உடுத்திக்கொண்டு போறது?

வேலை கிடைத்த செய்தி வீட்டுக்கு வந்ததும், சம்பளம் எவ்வளவு என்ற கேள்விக்கு அடுத்ததாக வருவது இதுதான்: "கந்தோருக்கு என்ன உடுத்திக்கொண்டு போகப் போறாய்?" ஒட்டுசுட்டானில் இதற்குப் பதில் சொல்வது லேசில்லை. மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் ஏ34 வீதியில் பஸ்சிலோ மோட்டார் சைக்கிளிலோ வரவேண்டும். கோடையில் புழுதி, மாரியில் சேறு. காலையில் பிரதேச செயலகத்தில் மேசை வேலை என்றால், பின்னேரம் முத்தையன்கட்டுப் பக்கம் வெளிக்கள வேலை இருக்கலாம். இவ்வளவுக்கும் பொருந்துகிற மாதிரி உடுக்கவும் வேண்டும், பார்க்கிறவர்கள் "ஒஃபிஸ் பிள்ளை" என்று மதிக்கவும் வேண்டும், அதற்குள் நாம் நாமாகவும் இருக்கவேண்டும்.

இதைத்தான் இப்போது "ஸ்மார்ட் கஷுவல்" என்கிறார்கள். நேர்த்தி குறையாமல், விறைப்பு இல்லாமல், தன் ரசனையைக் கைவிடாமல் வேலைக்கு உடுத்துவது. சொல் புதிது. ஆனால் அதற்குள் இருக்கிற இழுபறி நூற்றைம்பது வருடத்துக்கும் மேல் பழையது. "கந்தோருக்கு இதுதான் சரியான உடுப்பு" என்று எங்களிடம் சொல்லப்படுவதை யார், எப்போது, ஏன் தீர்மானித்தார்கள் என்று ஒருக்கால் திரும்பிப் பார்த்தால், காலையில் அலுமாரிக்கு முன்னால் நிற்கிற பயம் கொஞ்சம் குறையும்.

மேலே கோட், கீழே வேட்டி

பிரித்தானியர் காலத்தில் ஆங்கிலம் படித்த யாழ்ப்பாணத்து ஆண்கள் எழுதுவினைஞர்களாகக் கொழும்புக்கும் மலாயாவுக்கும் போனார்கள். அந்தத் தலைமுறையின் பழைய புகைப்படங்களில் மேலே கோட், கீழே வேட்டி, தலையில் தலைப்பாகை என்று நிற்கிறவர்களைக் காணலாம். இன்றைக்கு அது எங்களுக்கு வேடிக்கையாகத் தெரியும். அவர்களுக்கோ அது கவனமாகச் செய்த ஏற்பாடு. துரைக்குக் கோட், ஊருக்கு வேட்டி. உத்தியோகமும் வேண்டும், தன் அடையாளமும் வேண்டும் என்றவர்கள் கண்டுபிடித்த உடை அது.

பிறகு முழுக் கோட் சூட் வந்தது. அதோடு எதிர்ப்பும் வந்தது. ஆனந்த குமாரசுவாமி 1905இல் "இரவல் இறகுகள்" என்று பொருள்படும் தலைப்பில் ஆங்கிலத்தில் ஒரு சிறு பிரசுரம் எழுதி, ஐரோப்பிய உடையைப் பார்த்து உடுத்துவதைக் கண்டித்தார். 1924இல் மாணவர் காங்கிரசாகத் தொடங்கிய யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் தேசிய உடையை ஊக்குவித்தது. அதன் அழைப்பில் 1927 நவம்பரில் காந்தி யாழ்ப்பாணம் வந்தபோது கதர் இங்கேயும் ஒரு அரசியலாக இருந்தது. அந்த இளைஞர்கள் வேட்டி கட்டியது, "படித்தவன் என்றால் காற்சட்டை போடவேணும்" என்ற எதிர்பார்ப்பை மீறுவதற்காக. தெற்கில் பண்டாரநாயக்கவும் ஒக்ஸ்போர்டிலிருந்து திரும்பிய பின் தேசிய உடைக்கு மாறினார். காலம் போகப் போக அந்தக் கலக உடையே அரசியல்வாதிகளின் சீருடையாகிவிட்டது. நேற்றைய மீறல் இன்றைய ஒழுங்கு. உடையின் வரலாற்றில் இது திரும்பத் திரும்ப நடக்கிறது.

ரீச்சரின் சேலை எவ்வளவு பழையது?

பெண்களின் கதை வேறு மாதிரி. "சாறி எங்கட பாரம்பரியம்" என்று சொல்கிறோம். சேலை பழையதுதான். ஆனால் இன்று ரீச்சர்மாரும் உத்தியோகத்தர்களும் உடுக்கிற விதம், அதாவது உள்ளே பாவாடை, மேலே சட்டை, இடது தோளில் முந்தானை என்பது, 19ஆம் நூற்றாண்டில் உருவாகிப் பரவிய ஒன்று. அதற்கு முக்கிய காரணமாக இருந்தவர் வங்காளத்தைச் சேர்ந்த ஞானதாநந்தினி தேவி. அவருடைய கணவர் சத்தியேந்திரநாத் தாகூர், இந்திய சிவில் சேவைக்குத் தெரிவான முதல் இந்தியர். 1860களில் கணவரோடு பம்பாய்க்குப் போன ஞானதாநந்தினி வீட்டுக்கு வெளியே நடமாட வேண்டியிருந்தது. வங்காள வீட்டுப் பெண்கள் உடுத்திய முறை அதற்குத் தோதாக இருக்கவில்லை. பார்சிப் பெண்கள் உடுப்பதைப் பார்த்து, தனக்கு ஏற்றபடி மாற்றி, ஒரு புது முறையை உண்டாக்கினார். வீட்டை விட்டு வெளியே வந்து பொது இடத்தில் நிற்பதற்காக ஒரு பெண் தானே வடிவமைத்த உடை அது. சரியாகச் சொன்னால், அந்தக் காலத்து ஸ்மார்ட் கஷுவல்.

எல்லாப் பெண்களுக்கும் அந்தத் தெரிவு இருக்கவில்லை. தென் திருவிதாங்கூரில் சாணார் பெண்கள் மேலாடை அணிவதற்காகப் பல ஆண்டுகள் போராடினார்கள். 1859இல்தான் அதற்கு அரச அனுமதி கிடைத்தது. யாழ்ப்பாணத்திலும் ஒடுக்கப்பட்ட சாதியினர் 20ஆம் நூற்றாண்டிலும் மேற்சட்டை போடுவதற்கும் விரும்பியபடி வேட்டி கட்டுவதற்கும் தடைகளைச் சந்தித்தார்கள். ஆகவே "ஒழுங்கான உடுப்பு" என்ற சொல்லைக் கேட்கும்போது கொஞ்சம் உஷாராக இருப்பது நல்லது. யாருக்கு ஒழுங்கு, யார் சொன்ன ஒழுங்கு என்று கேட்காமல் அதை ஏற்றுக்கொண்டிருந்தால், எங்களில் கனபேர் இன்று சட்டையே போட்டிருக்க மாட்டார்கள்.

வன்னி கண்ட காற்சட்டைகள்

வன்னிக்கு வருவோம். பெண் காற்சட்டை போடுவதை இங்குள்ள சனம் முதலில் பரவலாகக் கண்டது கந்தோர்களில் இல்லை. 1980களின் பிற்பகுதியிலிருந்து பெண் போராளிகள் நீளக் காற்சட்டை, மேலே விட்ட சேர்ட், இடுப்பில் பட்டி, மடித்துக் கட்டிய பின்னல் என்று வீதியில் வந்தார்கள். அந்தப் போரின் அரசியலைப் பற்றி எவருக்கும் எந்தக் கருத்தும் இருக்கலாம். ஆனால் அந்தக் காட்சி ஊரின் கண்ணை மாற்றியது என்பதை மறுக்க முடியாது. 2009க்குப் பிறகு அதே தோற்றம் ஆபத்தாகிவிட்டது. கட்டை மயிர் சந்தேகத்தைக் கொண்டுவந்தது. திரும்பி வந்த பெண்களிடம் சமூகம் எதிர்பார்த்தது நீளக் கூந்தலையும் சேலையையும்தான். எங்கள் அக்காமார் பலருக்கு உடை என்பது ரசனைக்கு முதல் பாதுகாப்பாக இருந்தது.

போருக்குப் பிறகு வேறு உடைகள் வந்தன. தொண்டு நிறுவனக்காரர் ஜீன்சும் இலச்சினை போட்ட ரீசேர்ட்டுமாக வெளிக்களத்தில் நின்றார்கள். வங்கிகளோடும் நிதி நிறுவனங்களோடும் கழுத்துப்பட்டி வந்தது. நுண்கடன் வசூலிக்க மோட்டார் சைக்கிளில் கிராமம் கிராமமாக வந்த இளைஞர்களின் நேர்த்தியான சேர்ட்டைக் கண்டு ஒளித்த பெண்கள் வன்னியில் இருக்கிறார்கள். நேர்த்தி எப்போதும் மரியாதையை மட்டும் கொண்டுவருவதில்லை, சில வேளை பயத்தையும் கொண்டுவருகிறது. கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் ஆடைத் தொழிற்சாலைகள் வந்தன. வெளிநாட்டுக் கடைகளில் தொங்கப்போகிற சாதாரண உடுப்புகளை எங்கள் பிள்ளைகள் தைத்தார்கள், இன்றும் தைக்கிறார்கள். அதையே இங்கே போட்டுக்கொண்டு கந்தோருக்குப் போகலாமா என்பதுதான் கேள்வி.

சுற்றுநிருபங்களின் காலம்

அரசாங்கமும் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லப் பார்த்தது. உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களுக்குப் பிறகு, 2019 மே மாத முடிவில், பொது நிர்வாக அமைச்சின் சுற்றுநிருபம் ஒன்று வந்தது. அரச அலுவலகங்களில் பெண்கள் சேலை அல்லது ஒசரி, ஆண்கள் காற்சட்டையும் சேர்ட்டும் அல்லது தேசிய உடை. முஸ்லிம் பெண் உத்தியோகத்தர்கள் உடனடியாகப் பாதிக்கப்பட்டார்கள். மனித உரிமைகள் ஆணைக்குழு தலையிட்ட பின், முகம் தெரியும்படியான பொருத்தமான உடை போதும் என்று அது திருத்தப்பட்டது. ஏறக்குறைய அதே நாட்களில் தமிழ்நாட்டு அரசும் தன் ஊழியர்களுக்கு உடை ஒழுங்கு அறிவித்தது. அங்கே பெண்களுக்குச் சேலையோடு துப்பட்டாவுடன் கூடிய சுடிதாரும் அனுமதி. இங்கே நாங்கள் "பஞ்சாபி" என்று சொல்கிற அதே உடுப்பு கடலுக்கு அந்தப்பக்கம் ஒழுங்கு, இந்தப்பக்கம் ஒழுங்கீனம்!

2022இல் பொருளாதார நெருக்கடி வந்தது. பெற்றோல் வரிசை, ஏறிய விலைகள். அந்த செப்டெம்பரில் அரச உத்தியோகத்தர்கள் பொருத்தமான எளிய உடையில் வரலாம் என்று அறிவிக்கப்பட்டது. நவம்பரில் சில ஆசிரியைகள் சேலை இல்லாமல் வேறு உடைகளில் பாடசாலைக்குப் போனார்கள். இலங்கை ஆசிரியர் சங்கம் ஆதரித்தது. கல்வி அமைச்சர் ஆசிரியர்களின் உடையில் மாற்றமில்லை என்றார். பிக்குகள் சிலரும் எதிர்த்தார்கள். மூன்று வருட இடைவெளியில் ஒரே அரசு இறுக்கியும் விட்டது, தளர்த்தியும் விட்டது. அலுவலகம் இடிந்து விழவில்லை.

யாருக்காக இந்த நேர்த்தி?

ஸ்மார்ட் கஷுவலும் சுத்தமான விடுதலை இல்லை என்பதையும் சொல்லவேண்டும். 1960களில் ஹவாயின் ஆடை உற்பத்தியாளர்கள் பூப்போட்ட அலோகா சேர்ட்டை அலுவலகத்துக்குள் கொண்டுவரப் பாடுபட்டார்கள். 1992இல் லீவைஸ் நிறுவனம் வேலைக்குச் சாதாரணமாக உடுப்பது பற்றிய ஒரு கையேட்டை அமெரிக்க நிறுவனங்களின் மனிதவள முகாமையாளர்கள் ஏறத்தாழ 25,000 பேருக்கு அனுப்பியது. இரண்டுக்கும் பின்னால் வியாபாரம் இருந்தது. 2005இல் யப்பான் அரசு வேறு காரணத்துக்காக இதைச் செய்தது. கோடையில் குளிரூட்டியை 28 பாகையில் வைத்து மின்சாரத்தை மிச்சம் பிடிக்க, கோட்டையும் கழுத்துப்பட்டியையும் கழற்றச் சொன்னது. வன்னி வெயிலுக்கு இதில்தான் எங்களுக்கான பாடம் இருக்கிறது: உடை முதலில் காலநிலைக்கும் வேலைக்கும் பொருந்தவேண்டும்.

சேலையை விரும்பி உடுக்கிற மூத்த ரீச்சர்மாரின் நியாயத்தையும் தட்டிவிட முடியாது. இருபத்திரண்டு வயதில் வகுப்பறைக்குள் போன அவர்களுக்கு அந்தச் சேலைதான் அதிகாரம் கொடுத்தது. அது அவர்கள் உழைத்துப் பெற்ற மரியாதை. பிரச்சினை சேலையில் இல்லை, "சேலை மட்டும்" என்பதில்தான் இருக்கிறது.

ஆகவே முதல் வேலைக்குப் போகிற தம்பி தங்கச்சிமாருக்கு: நிறுவனம் எழுத்தில் என்ன விதி வைத்திருக்கிறது என்று முதலில் கேளுங்கள். கனதரம் விதி என்று சொல்லப்படுவது வெறும் பழக்கம். துவைத்து மடிப்புக் கலையாத ஒரு பருத்திச் சேர்ட், கறுப்பு அல்லது மண்ணிறக் காற்சட்டை, புழுதி துடைத்த சப்பாத்து போதும். குர்த்தாவோ பஞ்சாபியோ கைத்தறிச் சேலையோ, மோட்டார் சைக்கிளில் ஏறி இறங்கத் தோதானதை எடுங்கள். அதற்குள் உங்களுக்கே உரிய ஒன்றை, ஒரு நிறத்தையோ அம்மம்மாவின் தோட்டையோ கை மடிக்கிற விதத்தையோ, விடாமல் வைத்திருங்கள்.

கடைசியாக ஒன்று. கந்தோர் மேசைக்கு மறுபக்கம், வயலிலிருந்து சாரத்தோடு நேரே வந்த ஒரு ஐயா நிற்பார். எங்கள் உடை அவரைக் கூனிக் குறுகச் செய்தால், அது எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் பழைய துரையின் கோட்தான். அவர் தயங்காமல் "பிள்ளை, இந்தப் போமை ஒருக்கால் நிரப்பித் தா" என்று கேட்கக்கூடியதாக இருந்தால், நாங்கள் சரியாகத்தான் உடுத்தியிருக்கிறோம்.